கல்லாரிலிருந்து குன்னூர் வரை: ஒரு ரூட் நாட்குறிப்பு

1 பிப்ரவரி 2025, சனி

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலையை இன்றைக்குத் தொடங்கிவிட்டேன். மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில் பாதையை ஓப்பன் ரெயில்ஸ் என்ற, கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் ஓட்டுகிற மாதிரி ஒரு ரூட்டாகக் கட்டப்போகிறேன். பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 16 குகை, சின்னதும் பெரியதுமாக 250 பாலம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. முதலில், இன்ஜினின் பல் சக்கரம் பிடித்து ஏறப் பல் தண்டவாளம் உள்ள பகுதி, அதாவது கல்லாரிலிருந்து குன்னூர் வரை. 1899-இல் ரயில் குன்னூர் வரைதான் போனது. ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆகிவிட்டது.

கண் மதிப்பில் மண்ணைக் குவித்து மலை செய்வதில் எனக்கு விருப்பமில்லை. வழியில் உள்ள ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவு எப்படித் தெரியுமோ, திரையிலும் அப்படியே தெரிய வேண்டும். அதனால் உயரத் தரவை வைத்தே நிலத்தை எழுப்பப்போகிறேன். எஸ்ஆர்டிஎம், அதாவது விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு, அதில் ஒரு கோப்பை இறக்கியாயிற்று. பெயர் என்11இ076. வடக்கு 11, கிழக்கு 76 என்பது அந்தச் சதுரத்தின் தென்மேற்கு மூலை. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி எல்லாம் இந்த ஒரே கோப்புக்குள் அடக்கம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

கோப்பைத் திறந்து பார்த்தால் தலைப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. வெறும் எண்கள். ஒரு வரிசையில் 3,601, மொத்தம் 3,601 வரிசை. ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட். பெருக்கினால் 2,59,34,402 பைட் வருகிறது. கோப்பின் அளவும் அதேதான், ஒரு பைட்கூட வித்தியாசமில்லை.

நானே எழுதிய சின்ன பைத்தான் நிரலில் மேட்டுப்பாளையத்தின் உயரம் 17,921 மீட்டர் என்று வந்தது. எவரெஸ்ட்டைப் போல இரண்டு மடங்கு! அரை மணி நேரம் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது. இந்தக் கோப்பில் 256-ஆல் பெருக்க வேண்டிய பைட் முன்னால் வரும், மற்றது பின்னால். நான் மாற்றிப் படித்திருக்கிறேன். 326 என்பது 1, 70 என்ற இரண்டு பைட்டாக இருக்கிறது (256 + 70). திருப்பிப் போட்டால் 70 × 256 + 1 = 17,921. பைட் வரிசையைச் சரிசெய்ததும் மேட்டுப்பாளையம் தன் இடத்துக்கு இறங்கி வந்தது.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். கோப்பின் பெயர் தெற்கு மூலையைச் சொன்னாலும் எண்கள் வடக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் வரிசை 12 டிகிரி. இதைக் கவனிக்காவிட்டால் மலை தலைகீழாக வந்துவிடும்.

8 பிப்ரவரி, சனி

இந்த வாரம் முழுக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எடிட்டரில் ஏற்றிய நிலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மேலே பாதையின் வரைபடத்தைப் போட்டால் வளைவுகள் எல்லாம் ஒரு பக்கம் நசுங்கின மாதிரி இருந்தன.

காரணம் பழைய சிமுலேட்டரின் உலக வரைபடம். ஓப்பன் ரெயில்ஸ், மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் வழியில் வந்தது. அது உலகத்தைத் தட்டையாக விரிக்க குட் ஹோமோலோசைன் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அந்த முறையில் பரப்பளவு மாறாது, வடிவம் மாறும். நம் பகுதிக்கு நடுக்கோடு கிழக்கு 30 டிகிரி. நீலகிரி அதிலிருந்து கிட்டத்தட்ட 47 டிகிரி தள்ளி இருப்பதால், வடக்கு–தெற்குக் கோடுகள் ஏறக்குறைய 9 டிகிரி சாய்ந்துவிடுகின்றன. வட்டம் நீள்வட்டமாகிறது. ஒரு மூலைவாக்கில் தூரம் 8 சதவீதம் கூடுகிறது, குறுக்கு மூலையில் அதே அளவு குறைகிறது.

சமவெளி ரூட்டாக இருந்தால் விட்டுவிடலாம். மலை ரயிலில் தூரம் மாறினால் சாய்வும் மாறிவிடுமே! அதனால் அந்த உலக வரைபடத்தை விட்டுவிட்டு, குன்னூரை நடுப்புள்ளியாக வைத்து நானே சமதளக் கணக்கு போட்டு, தரவை அதற்கு மாற்றி ஏற்றினேன். ஆறு நாள் வேலையை அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். இப்போது வட்டம் வட்டமாக இருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. ஆனால் தேதியை எழுதி வைக்கத் தோன்றியது. 2000-ஆம் ஆண்டு இதே நாளில்தான் எண்டெவர் விண்ணோடம் இந்தத் தரவை எடுக்கப் புறப்பட்டது. ஓடத்தில் ஒரு ரேடார், 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொரு ஆன்டெனா. இரண்டு இடத்தில் கேட்ட எதிரொலியின் வித்தியாசத்தை வைத்து உயரம் கண்டுபிடித்தார்கள். பதினோரு நாளில் வடக்கு 60 டிகிரியிலிருந்து தெற்கு 56 டிகிரி வரை உலகத்தின் நிலத்தை அளந்து முடித்துவிட்டார்கள். ரேடாருக்கு இரவும் மேகமும் தடையில்லை.

பர்லியார் காட்டின் மேல் அன்றைக்குப் பட்ட அலை இன்றைக்கு என் மேசையில் ஓர் எண்ணாக இருக்கிறது. நினைத்தால் சிலிர்க்கிறது.

15 பிப்ரவரி, சனி

இன்றைக்குத்தான் முக்கியமான சிக்கல் கண்ணில் பட்டது.

பாதையின் மேல் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் தரவிலிருந்து உயரம் எடுத்து வரைபடம் போட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை கோடு ஒழுங்காக இருக்கிறது. கல்லாரைத் தாண்டியதும் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு புள்ளியில் 15 மீட்டர் ஏறுகிறது, அடுத்த புள்ளியில் 10 மீட்டர் இறங்குகிறது. இதை அப்படியே தண்டவாளமாகப் போட்டால் எந்த ரயிலும் ஓடாது.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பகுதியின் கடுமையான ஏற்றம் 12.28-க்கு 1. அதாவது 30 மீட்டர் ஓடினால் ரயில் 2.44 மீட்டர்தான் ஏறும். மலைச் சரிவோ பல இடத்தில் 40 டிகிரி. அந்தச் சரிவில் 30 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் உயரம் 25 மீட்டர் மாறும். நான் வைத்திருக்கும் பாதைக் கோடு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது. காடு மூடின இடத்தில் பத்து மீட்டர் தள்ளியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பத்து மீட்டர் தள்ளினால் உயரத்தில் எட்டு மீட்டர் பிழை. நான் தேடுவது இரண்டரை மீட்டர் ஏற்றத்தை!

தரவின் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம். பாறையில் வெட்டின மீட்டர் கேஜ் பாதையின் அகலம் அதில் ஆறில் ஒரு பங்குதான். ரேடாருக்கு ரயில் பாதை இருப்பதே தெரியாது. மலை மட்டும்தான் தெரியும்.

குகை வரும் இடத்தில் தரவு சொல்வது மேலே இருக்கும் முகட்டின் உயரம். பாலம் வரும் இடத்தில் கீழே இருக்கும் பள்ளத்தின் உயரம். அதனால் வரைபடத்தில் சட்டென்று எழும் கூம்புகளையும் விழும் குழிகளையும் 58 ஏ/15 என்ற பழைய சர்வே வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இருபது மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு உள்ள வரைபடம் அது. ஐந்து குகைகளின் இடம் அப்படியே பொருந்தியது. பிழை என்று நினைத்த ஒன்று இப்படிக் கை கொடுத்தது சந்தோஷம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தப் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரம்பப் பல் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“இது என்னங்க தம்பி, குதிர ஓடுனாப்ல இருக்குது?”

“மலையோட உயரம்ங்க ஐயா. பாதை இதுல எங்க போகுதுன்னுதான் தெரியல.”

“மேடு வாங்கறது சீராத்தானுங்க தம்பி இருக்கும். தண்ணி புடிக்கிற டேசன்ல மட்டும் கொஞ்சம் சமன். மத்தபடி கிரேடியன்ட் போஸ்ட்ல என்ன போட்டிருக்குதோ அதுதான் கணக்கு. அத எழுதிட்டு வந்தீங்கன்னா போதும்.”

அதைக் கேட்டதும் வேலையின் வரிசை தெளிவாகிவிட்டது. இதுவரை நிலத்தை எழுப்பிவிட்டு அதன் மேல் தண்டவாளம் போடப் பார்த்தேன். செய்ய வேண்டியது வேறு. ஸ்டேஷன் உயரங்களையும், பாதையோரம் ஏற்ற அளவை எழுதி நட்டிருக்கும் கிரேடியன்ட் போஸ்ட்டில் உள்ள சாய்வையும் வைத்து முதலில் தண்டவாளம். அப்புறம் அதற்கு ஏற்ற மாதிரி நிலத்தை வெட்டவோ நிரப்பவோ வேண்டும். நிஜத்தில் பாதை போட்டவர்களும் இந்த வரிசையில்தான் செய்திருக்கிறார்கள்.

22 பிப்ரவரி, சனி

காலை 7.10 வண்டியில் போய் வந்தேன். நோட்டு, பேனா, போன். இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக்மேன் நிற்கிறார். கல்லார் தாண்டி பல் தண்டவாளத்தில் ஏறும்போது வேகம் தணிந்து, காலடியில் ஓர் அதிர்வு தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பல் வரும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருகிற மாதிரி தள்ளி வைத்திருக்கிறார்கள். எப்போதும் ஏதாவது ஒரு பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது.

கண்ணில் பட்ட போஸ்ட்டை எல்லாம் எழுதினேன். சில செடிக்குள் மறைந்திருந்தன. ஸ்டேஷன்களின் மஞ்சள் பலகையில் உள்ள கடல் மட்ட உயரத்தையும் குறித்துக்கொண்டேன்.

போனில் பதிவான உயரம் மட்டும் ஒத்துவரவில்லை. மேட்டுப்பாளையத்தில் 230 சொச்சம் காட்டியது. பலகையைவிடத் தொண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் குறைவு, குன்னூரிலும் அதே அளவு குறைவு. எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்ததால் போன் கெட்டுப்போகவில்லை என்று புரிந்தது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமியைத் துருவங்களில் லேசாகத் தட்டையான சீரான உருண்டையாக வைத்துக்கொண்ட ஒரு கணித மேற்பரப்பிலிருந்து. பலகையில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து. நம் பக்கம் இரண்டுக்கும் இடைவெளி ரொம்ப அதிகம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடல் மட்டமே 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது, உலகத்திலேயே ஆழமான தாழ்வு அது. அதன் ஓரத்தில்தான் நாம் இருக்கிறோம். எஸ்ஆர்டிஎம் கடல் மட்டக் கணக்கில் வருவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

1 மார்ச், சனி

தண்டவாளம் கல்லாரிலிருந்து குன்னூர் வரை போட்டாயிற்று. சுமார் 400 மீட்டரில் தொடங்கி, ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் 1,712-க்கு ஏறுகிறது. சராசரி 15-க்கு 1. போஸ்ட் கணக்கில் போட்ட கோடு குன்னூர் பலகையின் உயரத்துக்கு மூன்று மீட்டர் கீழே போய் நின்றது. செடிக்குள் மறைந்த போஸ்ட்களின் பங்கு அது. மூன்று மீட்டரையும் நாலைந்து இடத்தில் பிரித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது நிலத்தை வளைக்க வேண்டும். சிமுலேட்டரின் நிலத்தில் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி. பாதை ஐந்து மீட்டர். உள்பக்கம் செங்குத்தான பாறை, வெளிப்பக்கம் பள்ளம். இரண்டு புள்ளிக்கு இடையில் இந்தப் படிக்கட்டு அடங்காது. ஒன்று பாறை தண்டவாளத்தின் மேல் சரிகிறது, இல்லையென்றால் வெளிப்பக்கம் இல்லாத மைதானம் வந்துவிடுகிறது. அதனால் நிலத்தைப் பாதைக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, பாறைச் சுவரையும் தாங்குசுவரையும் தனி மாடல்களாகச் செய்து நிறுத்துகிறேன். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள் ஆகிறது. பரவாயில்லை. மலை ரயிலின் அழகே அந்த விளிம்புதான், அதை விட்டுக்கொடுக்க மனசு வராது.

2 மார்ச், ஞாயிறு

ரன்னிமேடுக்கு மேலே தேயிலைச் சரிவுகளில் தரவும் தண்டவாளமும் நன்றாகப் பொருந்துகின்றன. ஆடர்லி காட்டில் தரவு பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரமாகவே நிற்கிறது. ரேடார் அளந்தது தரையை அல்ல, மரத் தலைகளை. அதன் மேல் நான் வேறு மரம் நட்டால் காடு இரண்டு மாடி ஆகிவிடும். காட்டுப் பகுதியை மட்டும் தனியாகக் குறித்துக் கீழே இறக்கினேன்.

8 மார்ச், சனி

மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் உலகம் கத்தியால் வெட்டின மாதிரி முடிந்துவிட்டது. அங்கேதான் 77 டிகிரி. என்11இ077 கோப்பையும் சேர்த்தேன். பக்கத்துக் கோப்புகளின் ஓர வரிசை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் தையல் தெரியவில்லை. இப்போது மேலிருந்து பார்த்தால் பவானி ஓடும் சமவெளி கண்ணுக்கெட்டின தூரம் வரை விரிகிறது.

15 மார்ச், சனி

பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்து திரை முன்னால் உட்கார வைத்தேன். கல்லாரில் புறப்பட்டு ஆடர்லி வரை ஓட்டிக் காட்டினேன். இருபது நிமிடம் வாய் திறக்கவில்லை. ஒரு வளைவில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“இந்தப் பாறைக்கு அடுத்தாப்ல தண்ணி போறதுக்கு ஒரு சின்ன பாலம் உண்டுங்க தம்பி. மழைக்கு முன்னாடி வருசா வருசம் நாங்கதான் மண்ணு அள்ளுவோம்.”

தரவைப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கட்டம் மட்டும், பக்கத்துக் கட்டங்களைவிட நாலு மீட்டர் தாழ்ந்திருக்கிறது. பிழை என்று நினைத்துப் போன வாரம் நானேதான் அதைச் சமன்படுத்தியிருந்தேன். பழைய எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டு, இப்போது அந்தப் பாலத்துக்குக் கல் வளைவு செய்துகொண்டிருக்கிறேன்.