போனைத் திறந்து கொடுத்த நாள்

பாரிசில் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு. முடித்துக்கொண்டு லண்டனில் வந்து இறங்கி, கடவுச்சீட்டையும் காட்டித் தாண்டிய பிறகுதான் இரண்டு பேர் மறித்தார்கள். சாதாரண உடுப்பு, மரியாதையான பேச்சு. கையில் ஒரு தாளைத் தந்தார்கள். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 7ஆவது அட்டவணை: விமான நிலையம், துறைமுகங்களில் ஆட்களை மறித்து விசாரிக்கப் பொலிசுக்கு இருக்கிற அதிகாரம்.

செக்பொயின்ற்றில் அடையாள அட்டை நீட்டி வளர்ந்தவனுக்கு மறிப்பது புதிதல்ல. இது கைதும் இல்லை, எழும்பிப் போகவும் ஏலாது என்பதுதான் புதிது. மறிப்பதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. இனத்தையோ மதத்தையோ மட்டும் வைத்து மறிக்கக் கூடாது என்று பொலிசுக்கான நடைமுறைக் கோவையில் இருக்கிறது. வேறு என்ன காரணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பேசாமல் இருக்கிற உரிமையும் கிடையாது. பதில் சொல்ல மறுத்தால் அதுவே குற்றம், 3 மாதம் வரை சிறை.

கேள்விகள் கஷ்டமில்லை. பாரிசில் யாரைக் கண்டாய், ரிக்கற்றுக்கு யார் காசு கட்டினது, மாவீரர் நாளுக்குப் போவாயா. புலிகள் இயக்கம் இங்கே 2001இலிருந்து தடை செய்யப்பட்டது, அதனால் அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பிறகு போனைக் கேட்டார்கள், அதைத் திறக்கும் இலக்கத்தையும் கேட்டார்கள். எனக்குக் கை வரவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருப்பதென்றால் முறைப்படி தடுத்து வைக்க வேண்டும். அப்போது சட்டத்தரணியோடு கதைக்கலாம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லைனில் வந்த பிள்ளை தமிழ்ப்பிள்ளை. "அண்ணை, நம்பரைக் குடுங்கோ. குடுக்காட்டி அதுக்கே வழக்கு வரும்" என்றா. இதே சட்டத்தில் மறிக்கப்பட்ட முகமட் ரப்பானியின் கதையையும் சொன்னா. சித்திரவதைக்கு ஆளான ஒருவரின் இரகசியம் தன் போனில் இருக்கிறதென்று கடவுச்சொல்லைக் கொடுக்காமல் நின்றவர். 2017இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

கொடுத்தேன்.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு விட்டார்கள். ஆகக் கூடியது 6 மணித்தியாலம். 2014க்கு முன் 9 ஆக இருந்தது. போன் மட்டும் அங்கேயே. 7 நாள் வைத்திருக்கலாம், உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கலாம். ஆறாம் நாள் திரும்பி வந்தது.

மறித்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் மன்செஸ்டரில் 22 பேரைக் கொன்றவன் நாலு நாளைக்கு முன்புதான் லிபியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். அவனைத் தடுக்கக் கூடிய வாய்ப்பொன்று தவறிப்போனது என்று விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டது. விமான நிலையத்தில் நாலு கேள்வி கேட்கட்டும், நான் ஒத்துக்கொள்ளுகிறேன். ஆனால் சந்தேகமே இல்லாத ஆளின் போனை முழுசாக அள்ளுவது வேறு விசயம். அதில் இருந்தது என் இரகசியமா? அம்மாவின் பயொப்சி றிப்போர்ட், தங்கச்சி புருசனோடு பட்ட பாடெல்லாம் எழுதின மெசேஜ்கள், வவுனியாச் சித்தப்பா அனுப்பின காணி உறுதி. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 2019இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இந்த அதிகாரம் தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்றது உண்மைதான். ஆனால் அது பார்த்தது 2014 திருத்தத்துக்கு முந்தைய சட்டத்தை.

பிரதி என்ன ஆனது என்று அறிய, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொலிசுக்கு எழுதினேன். காசு இல்லை. மறித்த திகதி, நேரம், அந்தத் தாளில் இருந்த இலக்கம் எல்லாம் போட்டேன். தாளை எறிந்திருந்தால் இதுவும் நடந்திராது. இரண்டு பக்கப் பதில் வந்தது: தேசியப் பாதுகாப்புக் காரணமாக, அப்படி ஏதும் தங்களிடம் இருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாதாம். என் போனை ஆறு நாள் வைத்திருந்தவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள். தகவல் ஆணையாளருக்கு முறைப்பாடு போட்டிருக்கிறேன்.

அதற்கிடையில் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. தங்கச்சி இரண்டு நாள் கதைக்கவில்லை. சித்தப்பா ஒன்றும் எழுதவில்லை. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு 1979இலிருந்து வாழ்ந்த மனிசன். இரவு பார்த்தால் குறூப்பை விட்டுப் போயிருந்தார். இப்போது எடுத்தால் சுகமா, மழையா என்று மட்டும் கதைக்கிறார்.