குருசபாவும் நீலப் புத்தகமும்

2015 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. தாய்லாந்துப் பள்ளிகளில் அன்று 'வாய் க்ரூ', ஆசிரியர்களை வணங்கும் நாள். க்ரூ என்பது நம் குருவேதான். பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து பூத்தட்டை நீட்டினார்கள். தட்டில் இட்லிப்பூ, கத்தரிப்பூ, ஒரு கொத்து அருகம்புல். எனக்குக் கும்பகோணம், அருகம்புல்லைப் பார்த்தால் பிள்ளையார்தான் நினைவுக்கு வருவார். அங்கே அது வேர்விட்டுப் பரவும் அறிவுக்கு அடையாளமாம். தலை கவிழ்ந்த கத்தரிப்பூ பணிவுக்கு.

ஒரு சிறுமியிடமிருந்து தட்டை வாங்கினேன். பள்ளியின் முகநூல் பக்கத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவைத் தாழ்த்திவிட்டு, வெளிநாட்டு ஆசிரியர்களைக் கவனிக்கும் அக்காவைப் பார்த்தார். அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, படத்துல வரவேண்டாம்" என்றார்.

காரணம் எனக்கும் தெரியும். நான் சுற்றுலா விசாவில் இருந்தேன். காகிதப்படி அந்த மண்டபத்தில் நான் குரு இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன்.

ஒரே ஒரு பருவத்துக்குத்தான் ஒப்பந்தம். மே நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை, வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் ஒரு சிறு நகரம், ஆங்கிலப் பாடம். "60 நாள் டூரிஸ்ட் விசா எடுத்துட்டு வாங்க, மத்ததை இங்க பார்த்துக்கலாம்" என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் சென்னையில் அதையே வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். தப்பு என்னுடையதும்தான். முறைப்படி வேலைக்கு வருபவர்களுக்கான 'நான்-இமிகிரன்ட் பி' விசா வாங்கி வந்து, ஒர்க் பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான் சாக்பீஸைத் தொட வேண்டும். பள்ளிக்கோ முதல் நாளே வகுப்புக்கு ஆள் வேண்டும். குறுகிய கால ஒப்பந்தங்களில் இந்த இழுபறி எப்போதும் உண்டு. காகிதம் முடிய இரண்டு மாதம் ஆகும், வேலையே ஐந்து மாதம்தான். 'வருவதற்குள் ஆளே போய்விடுவான்' என்று அலுவலகத்தில் யாராவது நினைத்துவிட்டால் கோப்பு அப்படியே தூங்கும். நான் தினமும் நினைவூட்டிக்கொண்டே இருந்ததால்தான் என் கோப்பு நகர்ந்தது.

ஜூன் கடைசியில் பள்ளி கொடுத்த கடிதக் கட்டோடு எல்லை ஊரான நோங் காய் போய், மீகாங் மேல் இருக்கும் நட்புப் பாலத்தைக் கடந்து லாவோஸின் வியன்டியானுக்குப் போனேன். அங்கே தாய்லாந்துத் தூதரகத்து வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை. பாதிப்பேர் என்னைப் போல ஆசிரியர்கள். 2,000 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டி, மறுநாள் மதியம் பாஸ்போர்ட்டை வாங்கினேன். 90 நாள் விசா. பருவம் முடிய அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது! அந்தப் பத்து நாளுக்காகச் செப்டம்பரில் மறுபடி குடிவரவு அலுவலகம், மறுபடி 1,900 பாட்.

பெர்மிட்டுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஒரு சின்ன கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தொழுநோய், காசநோய், யானைக்கால், முற்றிய மேகநோய், போதைப் பழக்கம், குடிப்பழக்கம் எதுவும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். என் காலை ஒரு பார்வை பார்த்தார். கும்பகோணத்துக்காரன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் குருசபா. ஆசிரியர் உரிமம் தரும் அமைப்புக்கு அங்கே உண்மையாகவே அதுதான் பெயர். மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. என்னிடம் கல்வியியல் பட்டம் இல்லாததால் பள்ளி மூலம் தற்காலிக அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். அது இரண்டு வருடத்துக்குச் செல்லும், ஆனால் அந்தப் பள்ளிக்கு மட்டும். பள்ளி மாறினால் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஜூலை கடைசியில் பெர்மிட் வந்தது. நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம், 3×4 சென்டிமீட்டர் படத்தில் நான் திருதிருவென்று விழிக்கிறேன். வேலை: ஆசிரியர். முதலாளி: பள்ளி. இடம்: பள்ளியின் முகவரி. வேலை நேரத்தில் அது நம்மிடமோ வேலை செய்யும் இடத்திலோ இருக்க வேண்டும் என்று அப்போது விதி. அக்கா அதை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்டில் பக்கத்து புத்தக் கோயிலின் பெரிய பிக்கு பள்ளிக்கு வந்தார். கோயிலில் இருக்கும் இளம் துறவிகளுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. நான் உடனே தலையாட்டினேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

அன்று மாலைதான் சட்டத்தில் 'வேலை' என்றால் என்ன என்று எனக்கு விளங்கவைத்தார். அப்போது நடப்பில் இருந்தது 2008ஆம் ஆண்டுச் சட்டம். உடலுழைப்பைச் செலுத்தினாலும் அறிவைச் செலுத்தினாலும் அது வேலை. அதற்குக் கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலைதான். "நான் காசே வாங்கலையே அக்கா" என்றேன். "காசைப் பத்தி யார் கேட்டா? உங்க புத்தகத்துல கோயில் முகவரி இல்லை." வித்யா தானம் என்று சொல்லி வளர்ந்தவனுக்கு இது ஜீரணமாக நேரம் பிடித்தது. ஆனால் சட்டத்தில் அந்த வாசகம் தெரியாமல் விழுந்ததும் இல்லை. தன்னார்வம் என்ற பெயரில் ஆளைக் கொண்டுவந்து இலவசமாக வேலை வாங்குவது சுலபமான தந்திரம்தானே.

பிறகு 2017இல் புதிய சட்டம் வந்தது, 2018இல் அதைத் திருத்தியபோது அந்த வரையறையே மாறியது. அந்தத் திருத்தத்துக்குப் பின் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், இரண்டு வருடம் புதிய பெர்மிட் கிடையாது. அந்த வாய் க்ரூ நாளில் ஒரு அதிகாரி உள்ளே வந்திருந்தால் பழைய சட்டப்படி எனக்குச் சிறைகூட வாய்த்திருக்கும். இதெல்லாம் தெரியாமல் பூத்தட்டோடு சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பெரிய பிக்குவிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காதான் போய்ச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புத்தகத்தில் எந்த முகவரி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பிக்கப் வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து காவி உடையில் பதினொரு பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதித்து இறங்கினார்கள். அக்கா அலமாரியைத் திறந்து நீலப் புத்தகத்தை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.