பொட்டாசியம் ஏறவே இல்லை

கைலி முடிச்சை இறுக்க விரல்களில் தெம்பில்லை. உடம்பில் பொட்டாசியம் குறைந்த விஷயம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. யாங்கோன் மருத்துவமனையில் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக் கொல்லி மருந்தை ஏற்ற ஆரம்பித்து ஆறாவது நாள். எனக்குச் சர்க்கரை உண்டு. சைனஸில் கருப்புப் பூஞ்சை வந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது.

மஞ்சள் நிற மருந்து. சலைனில் கலந்தால் திரிந்துவிடுமாம், குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலந்தார்கள். ஒரு பாட்டில் இறங்க நாலு மணி நேரம். முதல் நாள் வந்த குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. எல்லோரும் அந்தக் காய்ச்சலைத்தான் கவனித்தார்கள். என் கால் துவண்டதை யாரும் கவனிக்கவில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீரகக் குழாய்களின் சுவரைக் கசியவிட்டு, பொட்டாசியத்தைச் சிறுநீரோடு போக்கிவிடுமாம். போதாததற்கு, போட்ட இன்சுலின் மிச்சத்தையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். மனைவி வாழைப்பழமும் இளநீரும் கொண்டுவந்தாள். டாக்டர் சிரித்தார்: ஒரு பழத்தில் சுமார் 10 மில்லிமோல் பொட்டாசியம்தான், அது போதாது, சர்க்கரைதான் ஏறும் என்றார்.

அப்புறம் பொட்டாசியம் டிரிப். கை நரம்பில் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிச்சல். மெதுவாக இறங்குகிறதே என்று மகன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பப் போனான். சயாமா (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்று திட்டியதை வார்டே கேட்டது. அவர் திட்டியது சரிதான்.

மூன்று நாள்: 2.6, 2.8, 2.7. ஏற்றியதெல்லாம் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது. நாலாம் நாள் ஒரு இளம் டாக்டர் வந்து, மெக்னீசியம் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தால் 1.0தான், இருக்க வேண்டியதில் பாதியளவுக்குப் பக்கம். மெக்னீசியம் இல்லாவிட்டால் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாதாம். அதையும் ஏற்றினார்கள், இரண்டு நாளில் 3.4. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது வீட்டில் போசகோனசோல் மாத்திரை, இதுவும் பூஞ்சைக்குத்தான். இதிலும் பொட்டாசியம் குறையலாம், பி.பி.யும் ஏறலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை காளி கோயில் பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்கிறேன். போன வாரம் பொட்டாசியம் 3.9. டாக்டர் கொடுத்த சீட்டில் மெக்னீசியம் இல்லை. திரும்பிப் போய் எழுதி வாங்கி வந்தேன்.