சம்பளம் வராத சிப்பாய்

நவம்பர் 16, சனி

பிலடெல்பியா ஏர்போர்ட்டை ஒட்டி ஃபோர்ட் மிஃப்லின்னு ஒரு கோட்டை இருக்கு, இன்னிக்கு பையனைக் கூட்டிட்டு போயிட்டு வந்தேன். தலைக்கு மேல ஃப்ளைட் இறங்கிட்டே இருக்கு, பேசினா காது கேக்கல. இப்ப நிக்கிறது பெரும்பாலும் பின்னாடி திரும்பக் கட்டினது, ஏன்னா 1777 நவம்பர் 15 ராத்திரி பழசை விட்டுட்டு வரும்போது அங்க மண்ணைத் தவிர பெருசா எதுவும் மிஞ்சல. அது அமெரிக்க சுதந்திரப் போர் நேரம், பிரிட்டிஷ்காரங்க பிலடெல்பியாவைப் பிடிச்சாச்சு, ஆனா அவங்க கப்பல் டெலவேர் ஆத்துல ஏறி வரக்கூடாது, அதுக்குத்தான் இந்த சேத்துத் தீவுல அமெரிக்கக்காரங்க ஒரு சின்ன படையை உக்கார வெச்சிருந்தாங்க. அதுல ஒருத்தர் ஜோசப் ப்ளம் மார்ட்டின், பிற்பாடு தன் கதையைத் தானே எழுதினவர், அப்ப 17 முடியல. ரெண்டு வாரம் அங்க இருந்தார், ஒரு நிமிஷம் கூட படுத்துத் தூங்கலையாம், நவம்பர் குளிர்ல கால்ல ஷூவும் கிடையாது.

கோட்டையில 32 பவுண்டு குண்டு சுடற பீரங்கி ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் போட ஒரு குண்டு கூட இல்ல. எதிரிகிட்ட அதே சைஸ் பீரங்கி. அதனால எதிரி சுட்ட குண்டைப் பொறுக்கிக் குடுத்தா ஒரு மடக்கு ரம்முன்னு ஆபீசருங்க சொல்லிட்டாங்க, குண்டு உருண்டு நிக்கிறதுக்குள்ள இருபது ஐம்பது பேர் ஓடிப் போய் அமுக்குவாங்களாம். பையன் இதைக் கேட்டு சிரிச்சான், அப்புறம் அமைதியாயிட்டான்.

நவம்பர் 21

இன்னிக்கு மார்ட்டின் பிறந்த நாள், 1760. பிறந்தது மாசசூசெட்ஸ், வளர்ந்தது கனெக்டிகட்டில் மில்ஃபோர்ட்ல, தாத்தா பாட்டி வீட்டுல. 1776ல ஆறு மாசத்துக்குன்னு படையில சேரும்போது வயசு 15, என் பையன் வயசு. கையெழுத்து போடற இடத்துல பேப்பர்ல படாம சும்மா பேனாவை ஆட்டிட்டு இருந்திருக்கார், பின்னாடி நின்ன எவனோ கையைத் தட்டிவிட்டதுல ஒரு கோடு விழுந்திருச்சு, சரி இனி என்ன சேர்ந்துருவோம்னு முழுப் பேரையும் எழுதிட்டார். அந்த ஆறு மாசத்துலயே புரூக்ளின், கிப்ஸ் பே, வொயிட் ப்ளெயின்ஸ்னு நியூயார்க் பக்கம் நடந்த சண்டை எல்லாத்தையும் பாத்துட்டு வீட்டுக்கு வந்தவர், அடுத்த ஏப்ரல்ல மறுபடி சேர்ந்தார், இந்தத் தடவை போர் முடியற வரைக்கும்.

நான் பேரோல்ல, அதாவது கம்பெனி ஆளுங்களுக்கு சம்பளம் போடற வேலை பாக்குறவன். யாருக்காவது சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனாலே எனக்கு போன் வரும், வரணும், அது நியாயம். இவருக்குப் பேசின சம்பளம் மாசம் ஆறு டாலரும் ஒரு டாலர்ல மூணுல ரெண்டு பங்கும். 1777 ஆகஸ்ட் வரைக்கும் காகிதப் பணமா வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. என்னால இதைத் தாண்டி யோசிக்க முடியல.

நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங்

சாயங்காலம் எல்லாரும் வந்துட்டு போனாங்க, பாத்திரம் எல்லாம் கழுவி வெச்சாச்சு. 1777 டிசம்பர் 18ஐ நன்றி சொல்ற நாளா கொண்டாடணும்னு அமெரிக்க காங்கிரஸ் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளா படைக்கு சாப்பாடே சரியா கிடையாது. அன்னிக்கு மார்ட்டினுக்குக் கிடைச்ச விருந்து அரை கில் அரிசியும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும். அளந்து பாத்தேன், மெஷரிங் கப்புல கால் கப், நம்ம அரை ஆழாக்கு கூட வராது. உள்ளங்கையில கொட்டினேன், விரலை மடக்கினா உள்ள அடங்கிருச்சு.

மறுநாள் படை குளிர்காலத்துக்குத் தங்கப் போன வேலி ஃபோர்ஜுக்கு நடை. அங்க போய் ரெண்டு ராத்திரி ஒரு பகல், பாதி பரங்கிக்காய் மட்டும், அதையும் கல்லு மேல வெச்சு நெருப்புல சுட்டு.

நவம்பர் 30, சனி

மாரிஸ்டவுன் பக்கம் ஜாக்கி ஹாலோ, படை இன்னொரு குளிர்காலம் தங்கின இடம். மாதிரிக்குக் கட்டி வெச்ச மரக் குடிசைங்க இருக்கு, ஒண்ணுக்கு பன்னெண்டு பேர், உள்ள நின்னு பாத்தா நாலு பேருக்கே மூச்சு முட்டும். 1779-80 குளிர்காலம், நியூயார்க் துறைமுகமே உறைஞ்சு போன வருஷம். ஜனவரி பனியில நாலு நாள் நாலு ராத்திரி மார்ட்டின் வாயில ஒண்ணும் போடல, ஒரு கட்டையில இருந்து பல்லால கடிச்ச கருப்பு பிர்ச் மரப்பட்டையைத் தவிர. சில பேர் பழைய ஷூவை வாட்டித் தின்னிருக்காங்க.

பாதையில ஒரு பிர்ச் குச்சி விழுந்து கிடந்துச்சு, நகத்தால சுரண்டி மோந்து பாத்தேன், அப்படியே முட்டி வலிக்குத் தடவுற தைலம் வாசனை. ரெண்டுலயும் இருக்கிறது ஒரே எண்ணெய்தான். இனிமே அந்த டப்பாவைத் திறந்தா இவர் ஞாபகம் வரும்.

1780 மே 25 மார்ட்டின் இருந்த கனெக்டிகட் படை ஆளுங்க துப்பாக்கியோட வரிசையில நின்னு, சோறும் இல்ல சம்பளமும் இல்லன்னு கலகம் பண்ணினாங்க. நான் அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். அவங்க யாரும் எதிரி பக்கம் போகல, வீட்டுக்கு ஓடல, கேட்டாங்க அவ்வளவுதான்.

டிசம்பர் 4

யார்க்டவுன், வர்ஜீனியாவுல பிரிட்டிஷ் படையை முற்றுகை போட்ட ஊர். மார்ட்டின் இப்ப சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்ல சார்ஜன்ட், பதுங்குகுழி வெட்டுறது, தடுப்பை உடைக்கிறது அவங்க வேலை. தெக்க நடந்து போற வழியில பிரெஞ்சுக்காரங்ககிட்ட கடன் வாங்கி ஒரு மாச சம்பளம் வெள்ளிக்காசா குடுத்தாங்க, 1776க்கு அப்புறம் நிஜப் பணம்னு சொல்லக்கூடியது அது ஒண்ணுதான். 1781 அக்டோபர் 14 ராத்திரி பத்தாம் நம்பர் கொத்தளத்தைப் பிடிக்கணும், வானத்துல குண்டு வெடிச்சா சிக்னல். மேற்கு வானத்துல வியாழனும் வெள்ளியும் பக்கத்துல பக்கத்துல ஜொலிச்சிட்டு இருந்துச்சாம், கண்ணு அங்க போகும்போதெல்லாம் சிக்னல்னு நினைச்சு எழுந்திருக்கப் பாத்திருக்கார். அப்புறம் நிஜ சிக்னல் வந்துச்சு, கோடாலியால தடுப்பை வெட்டிட்டு உள்ள போனாங்க. அக்டோபர் 19 சரணடைஞ்ச படை பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸோடது, சின்ன வயசுல மெட்ராஸ் கோட்டை மியூசியத்துல நான் அண்ணாந்து பாத்த அந்தக் கல் சிலை ஆளேதான்.

இதையும் எழுதியாகணும். விடுதலை கிடைக்கும்னு பிரிட்டிஷ் பக்கம் ஓடின கறுப்பின அடிமைங்களை, அம்மை வந்ததும் கார்ன்வாலிஸ் வெளிய தள்ளிட்டார், காட்டுல செத்துக் கிடந்தவங்க கையிலயும் வாயிலயும் கருகின சோளம் இருந்ததை மார்ட்டின் பாத்தார். சரணடைஞ்சதும் முதலாளிங்க தேடி வந்தாங்க, கண்டுபிடிச்சுக் குடுத்தவங்களுக்குக் காசு. மார்ட்டினும் வாங்கினார், அவர் பங்கு 1200 காகித டாலர், அதை முழுசும் குடுத்து ஒரு குவார்ட் ரம் வாங்கினார். பணத்தோட மதிப்பு அவ்வளவு விழுந்திருந்துச்சுன்னு சொல்ல எல்லாரும் இந்தக் கதையை எடுப்பாங்க. அந்தக் காசு எதுக்கு வந்துச்சுங்கறதுதான் என்னை உறுத்துது. இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இது பிடிக்கல.

டிசம்பர் 8

1783ல அனுப்பி வைக்கும்போது சம்பளத்துக்குப் பதிலா சர்டிபிகேட் குடுத்தாங்க. நல்ல துணி போட்டு ஊருக்குப் போகணுமேன்னு நிறைய பேர் அதை வந்த விலைக்கு வித்துட்டாங்க, 1790ல அரசாங்கம் அதை முழு மதிப்புக்கு ஏத்துக்கிட்டப்போ லாபம் வாங்கி வெச்சவனுக்குத்தான்.

மார்ட்டின் மெய்ன்ல பெனோப்ஸ்காட் ஆறு கடல்ல கலக்குற இடத்துக்கிட்ட நிலம் திருத்தி உக்காந்தார். அந்த நிலம் என்னோடதுன்னு வந்தது யாரு? ஹென்றி நாக்ஸ். அதே போர்ல வாஷிங்டனோட பீரங்கிப்படைத் தளபதி, மனைவி வழிச் சொத்து. 1797ல மார்ட்டின் 100 ஏக்கருக்கு 170 டாலர் கட்டணும்னு ஆச்சு, ஆறு வருஷத் தவணை, வட்டியோட. 1801ல நிலத்தை எங்கிட்டயே விட்டுடுங்கன்னு மார்ட்டின் நாக்ஸுக்குக் கெஞ்சி கடிதம் எழுதினார். 1811ல பாதி போயிருச்சு, 1818ல ஒண்ணும் இல்ல.

பென்ஷன் கேட்டு நின்னப்போ சொத்துக் கணக்கு காட்டணும். படுக்கை, போட்டிருக்கிற துணி, அதைத் தவிர ரெண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்னி. பென்ஷன் வருஷத்துக்கு 96 டாலர். ஊருக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கிளார்க்கா எழுதிக் குடுத்த கை அது. 1830ல தன் கதையையும் எழுதினார், பேரு போடாம அச்சாச்சு. 1836ல அந்த வழியா போன ஒரு படைப்பிரிவு அவர் வீட்டு முன்னாடி நின்னு துப்பாக்கி வெடிச்சு மரியாதை பண்ணுச்சு. 1850 மே 2ல இறந்தார், 89 வயசு.

கல்லறை சாண்டி பாயிண்ட்ல இருக்கு. இங்கிருந்து கார்ல எட்டு மணி நேரம் ஆகும். பனி கரைஞ்சதும் போலாம்னு பையன்கிட்ட சொன்னேன், மே மாசம் லீவு போடுப்பான்னான்.