மலையேற்றப் பயிற்றுநர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு

உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் எம்.ஓ.ஐ. எனப்படும் பயிற்றுநர் படிப்பை முடித்துத் திரும்பியதிலிருந்து, எப்படித் தயாராவது என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் உடல் வலிமையைப் பற்றித்தான் கேள்வி. என்னைத் தடுமாற வைத்தது வேறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வாரம், டேக்லா பாறைத் தளம். எனக்குக் கொடுத்த பாடம், 8 என்ற எண்ணைப் போல வளையும் எட்டு வடிவ முடிச்சு. என்னோடு படித்தவர்கள் ஆறு பேர் மாணவர்களாக எதிரே நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டும் போடக்கூடிய முடிச்சு அது. கயிற்றைத் தூக்கிப் பிடித்து, எங்கே வளைக்க வேண்டும், எங்கே திரும்ப நுழைக்க வேண்டும், வால் எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். மதிப்பிட வந்த மூத்தவர் இடையில் நிறுத்தினார். "இந்த ஆறு பேரில் எத்தனை பேர் காரபினரைத் திருகிப் பூட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். காரபினர் என்பது கயிற்றை இடுப்புவாரோடு இணைக்கும் உலோகக் கொக்கி. எனக்குத் தெரியவில்லை. இடது கோடியில் நின்றவரிடம் திருகாமல் விடும்படி அவரே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார். பதினைந்து நிமிடமும் அந்தக் காரபினர் என் கண்ணுக்கு எதிரேதான் தொங்கியது. நான் பார்த்ததெல்லாம் என் கையிலிருந்த கயிறு ஒன்றைத்தான்.

இந்தப் படிப்பு சோதிப்பது அதைத்தான். அடிப்படைப் படிப்பு 28 நாள், உயர்நிலைப் படிப்பு 28 நாள். இரண்டிலும் ஏ கிரேடு வாங்கியவர்கள்தான் இங்கே வருகிறார்கள். ஏறத் தெரியுமா என்று மறுபடியும் யாரும் பார்ப்பதில்லை. அதுவரை உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தே பழகியிருப்பீர்கள். இனி அடுத்தவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுநாளிலிருந்து பாடம் தொடங்குமுன் ஒவ்வொருவரின் இடுப்புவார், காரபினர், ஹெல்மெட் பட்டை மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன். கண்ணை மட்டும் நம்பக் கூடாது. சட்டை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பூட்டு, தொட்டால்தான் தெரியும்.

பாடம் நடத்தும் முறைக்கு ஓர் உதாரணம். ஒரே சுமையைத் தாங்க, பாறையில் கயிற்றைக் கட்டும் இரண்டு பிடிமானங்களிலிருந்து வரும் கயிறுகளுக்கு இடையே உள்ள கோணம் விரிய விரிய, ஒவ்வொன்றின் மேலும் விழும் இழுவை கூடும். 60 டிகிரியில் சுமையில் ஏறத்தாழ 58 சதவீதம். 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டிவரும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. என் குழுவில் இருந்த, லடாக்கைச் சேர்ந்த ஒருவர் வேறு மாதிரி செய்தார். கயிற்றின் நடுவில் 15 கிலோ ருக்சாக்கைத் தொங்கவிட்டு, இரண்டு முனைகளையும் இரண்டு பேரிடம் கொடுத்தார். அருகருகே நிற்கச் சொன்னார். பிறகு ஒவ்வோர் அடியாக விலகச் சொன்னார். நான்காவது அடியில் ஒருவர் முகம் சுளித்தார். ஐந்தாவது அடியில் கயிறு கையை விட்டு நழுவியது. சூத்திரத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார். அதற்குள் அது எல்லோருடைய உள்ளங்கையிலும் ஏறியிருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்தி ஒரு சுவர்தான். அடிப்படைப் படிப்பில் புரிந்துகொண்டால் போதும். இங்கே நாமே நடத்த வேண்டும். இலக்கணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். ரஸ்ஸி என்றால் கயிறு, காண்ட் என்றால் முடிச்சு, டீலா என்றால் தளர்வு, பத்தர் என்றால் கல். இப்படி நாற்பது ஐம்பது சொற்களும் சிறு கட்டளை வாக்கியங்களும் போதும். நீளமாகப் பேச வராததே எனக்கு ஒருவகையில் உதவியது. பேச்சைக் குறைத்துச் செய்துகாட்டினேன்.

பனிச்சரிவு பற்றிய வகுப்பை ஏட்டுப்பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். 2022 அக்டோபர் 4 அன்று, திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில் இதே நிலையத்தின் உயர்நிலைப் படிப்புக் குழு பனிச்சரிவில் சிக்கியது. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறியிருந்தார். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம். 35 நிமிடம் ஆகிவிட்டால் 30 சதவீதம் அளவுக்குச் சரிந்துவிடும். தேடும் பயிற்சியில் கடிகாரத்தை வைத்து ஏன் அப்படி விரட்டுகிறார்கள் என்று அந்த எண்களைக் கேட்டபின் யாரும் கேட்கவில்லை.

இந்தச் சான்றிதழை வைத்து ஆல்ப்ஸ் மலையில் வழிகாட்டியாக வேலை செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. அதற்கு வேண்டியது ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் தகுதி. ஆஸ்திரியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி நான்கும் சேர்ந்து 1965 இல் தொடங்கிய அமைப்பு அது. நேபாளம் 2012 இல் உறுப்பானது. அந்தத் தகுதிக்குப் பாறை, பனி இவற்றோடு பனிச்சறுக்கும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்கள் பின்தங்குவது அங்கேதான். எண்ணம் இருந்தால் குல்மார்க்கிலோ அவுலியிலோ பனிச்சறுக்கை இருபதுகளிலேயே கற்றுக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வயதில் தொடங்கிய என் முழங்கால்கள் இன்னும் அதற்கு இணங்கவில்லை.

உடல் பயிற்சிக்கு மருதமலைப் படிகளே போதுமாக இருந்தன. முதுகில் 15 கிலோ, வாரம் நான்கு நாள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. போவதற்கு முன் ஆறு மில்லிமீட்டர் கயிறு இரண்டு மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, முடிச்சே தெரியாத யாருக்காவது கற்றுக்கொடுங்கள். நான் இதைத் திரும்பி வந்தபின்தான் செய்தேன். அக்கா மகளுக்குப் பத்து வயது. கயிற்றைச் சுற்றிப் போட்டு, சுமை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சை மூன்று முறை செய்துகாட்டியும் அவளுக்கு வரவில்லை. நான்காவது முறை, "மாமா, நீங்க எதிரே நின்னு போடுறீங்க, எனக்கு எல்லாம் தலைகீழாத் தெரியுது" என்றாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் கையும் ஒரே திசையில் இருக்கும்படி வைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன்.