எட்டும் வந்துருமா தம்பி?

எட்டு பழைய லேப்டாப்பில் ஒன்று வயர்லெஸ் வழியாக எழுந்த அன்றைக்கு, தங்கச்சிமடம் படிப்பு மையத்து அக்கா கேட்டது இவ்வளவுதான்: “எட்டும் இப்படியே வந்துருமா தம்பி? வயருதான் வேணும்னா இப்பவே சொல்லிருங்க. தடைக்காலம் வந்துட்டா காசுக்கு யாருகிட்டயும் போயி நிக்க முடியாது.” வந்துரும்க்கா, வயர் வேண்டாம் என்றேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் கழற்றிய பழைய லேப்டாப்கள், நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்துதான் பூட் ஆக வேண்டும், அதாவது எழ வேண்டும். சர்வர் எதிர்வீட்டு மாடியில், இன்வெர்ட்டர் அங்கேதான் இருக்கிறது. லேப்டாப்பில் வைஃபை இருந்தும் பூட் நேரத்தில் அதனால் பிரயோஜனமில்லை. அப்போது பயாஸுக்கு, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலுக்கு, தெரிந்தது கேபிள் போர்ட் மட்டும்தான், பாஸ்வேர்டு கொடுத்து வைஃபையில் சேர்வதெல்லாம் லினக்ஸ் எழுந்த பிறகுதான். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐயின் 2.5ஆம் பதிப்பில், 2015இல், அதற்கும் வழி வைத்தார்கள், ஆனால் இவை அதற்கு மூத்தவை. அதனால் தெருவுக்கு இரண்டு பக்கமும் ரூட்டர் வைத்து வயர்லெஸ் பாலம் போட்டு, இந்தப் பக்கம் ஒரு நெட்வொர்க் சுவிட்சிலிருந்து லேப்டாப்களுக்குக் குட்டை வயர்கள் கொடுத்தேன். தெருவுக்கு மேலே கேபிள் இழுத்தால் உப்புக்காற்றில் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும், பாம்பனில் ஓர் இடத்தில் ஆறே மாதத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் நான் மணி பார்த்தேனே. சர்வர் பக்கத்தில் வயரில் அரை நிமிடத்துக்குள் எழுந்த அதே லேப்டாப், பாலத்தின் வழியாக இரண்டரை நிமிடம் எடுத்தது. திரையில் புள்ளி ஒவ்வொன்றாக ஊர்ந்தது. லோகோ வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அக்கா கேட்டது.

மே மாதம் எட்டையும் ஒன்றாகப் போட்டோம். இரண்டு பத்து நிமிடம் கழித்து வந்தன, மற்றதில் எல்லாம் பி.எக்ஸ்.இ-ஈ32 என்ற நெட்வொர்க் பூட் பிழை, டைம்அவுட். முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட்டேன், எட்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். மாறவில்லை. ஐபி முகவரி எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் கிடைத்திருந்தது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சர்வரிலிருந்து பூட் ஃபைலைக் கொண்டுவரும் முறையான டி.எஃப்.டி.பி. ஒரு துண்டை அனுப்பி, வந்தது என்று பதில் கிடைத்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். துண்டுக்கு 1,400 பைட் சொச்சம் என்றால் 40 எம்.பி. பூட் ஃபைலுக்கு ஏறக்குறைய 30,000 துண்டு. போய்வர 5 மில்லிசெகண்ட் வைத்தாலும் 150 நொடி. அதே இரண்டரை நிமிடம்! எட்டும் ஒரே காற்றில் முட்டிக்கொள்ளும்போது ஒரு துண்டு தொலைந்தால், மறுபடி கேட்கவே சில நொடி காத்துக்கிடக்கும். இந்தக் கணக்குக்கு வேண்டியது எல்லாம் கைதட்டிய அன்றே என் கையில் இருந்தது.

வயருக்கு வைத்திருந்த காசில் அதற்குள் இரண்டு மின்விசிறி வாங்கிவிட்டார்கள். படகெல்லாம் கரையில் கிடக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் வைஃபை டிரைவரையும் ஆளுக்கொரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்ய வைத்தேன், மீதி மட்டும் வைஃபையில் சர்வரிலிருந்து வரும்படி. எட்டும் எழுந்தன. பென்டிரைவ் என் காசு.

வயர் இழுத்திருந்தாலும் அடுத்த வருடம் துருப்பிடித்து மறுபடி வசூலுக்குத்தான் நின்றிருப்பார்கள் என்று சில நாள் தோன்றும். இருக்கலாம். ஆனால் மெதுவாக வருதுக்கா, எட்டுக்குத் தாங்குமா தெரியல என்று சொல்லியிருந்தால், என்ன செய்வது என்று அக்கா முடிவெடுத்திருப்பார். நான் அவருக்குப் பதிலாக முடிவெடுத்துவிட்டேன்.

போன வாரம் மையத்துக் கணக்கு நோட்டைக் காட்டினார். மே மாதப் பக்கத்தில், வரவில், “பென்டிரைவ் 8, தம்பி நன்கொடை” என்று எழுதியிருந்தது. சரிக்கா என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.