ஒரு செக்கன்

2012 ஓகஸ்ட் 12, லண்டன் ஒலிம்பிக்கின் கடைசி நாள். சுவிஸின் கூர் நகரத்தில் நான் வேலை செய்கிற ஹோட்டல் குசினியில் பின்னேரம் நாலு மணிக்கு ஒருத்தரும் வெங்காயம் வெட்டவில்லை. செஃப் தன்னுடைய ஐபாட்டை மாவு டின்னில் சாய்த்து வைத்திருந்தார். திரையில் மலைச் சைக்கிள் ஓட்டம், எங்கட பெடியன் நினோ ஷூர்ட்டர் முன்னுக்கு. ஒன்றரை மணித்தியாலம் ஓடி, கடைசிச் சுற்றில் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி விலத்தி முன்னுக்கு வந்துவிட்டார். வித்தியாசம் ஒரு செக்கன். மூன்றாவதாக வந்த இத்தாலிக்காரர் ஃபொன்டானாவின் சைக்கிளில் சீற்றே இல்லை; கடைசிச் சுற்றில் கழன்று விழுந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட அந்தக் குசினியில் ஆளில்லை. செஃப் ஐபாட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு எடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்தால் எட்டு வயது மகன் சோபாவுக்குப் பின்னால் இருந்து அழுகிறான்.

"வெள்ளிதானே தம்பி, உலகத்திலயே இரண்டாவது ஆள்."

"அப்பா, உங்களுக்கு சைக்கிள் விளங்காது."

எனக்கோ விளங்காது? தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். விறகும் சைக்கிளில்தான், காய்ச்சல்காரரும் சைக்கிளில்தான். கரண்ட் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றி றேடியோ கேட்போம். சுற்றுவது நான், கேட்பது ஐயா. கை சோர்ந்தால் செய்தி நடுவில் நின்றுவிடும், ஐயா ஏசுவார். ஆனால் மலைக்காட்டில் வேருக்கும் பாறைக்கும் மேலால் வேண்டுமென்றே சைக்கிளை விடுகிற ஆட்களை எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மகன்தான் படிப்பித்தான்.

நினோ எங்கள் கிரௌபுண்டன் மாநிலத்து ஆள். 1986இல் பிறந்தவர். லும்னேசியாப் பள்ளத்தாக்கில் டெர்ஸ்னவுஸ் என்று ஒரு குட்டிக் கிராமம். ரோமான்ஷ் பேசுகிற பக்கம் அது. சுவிஸின் நாலு தேசிய மொழிகளில் ஆகச் சிறியதைப் பேசுகிற ஆட்களோடு எனக்கு எப்போதும் ஒரு சொந்தம் இருக்கிறது. ஏன் என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. 2004இல் பிரான்சின் லே ஜே என்ற இடத்தில் ஜூனியர் உலகச் சம்பியன். 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலம். அடுத்த வருடம் கன்பராவில், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த ஜூலியன் அப்சலோனையே முந்தி, 23 வயதில் உலகச் சம்பியன். பிறகுதான் லண்டன்.

அந்தக் காலத்தில் மலைச் சைக்கிள்காரருக்குள் பெரிய சண்டை சில்லின் அளவுதான். பழைய 26 அங்குலமா, புதிய 29ஆ? சில்லு பெரிதானால் பாறைக்கு மேலால் சுகமாக உருளும். ஆனால் பாரம் கூடும், இறுக்கமான வளைவில் திருப்புவது கஷ்டம். நினோ 1.73 மீற்றர்தான் உயரம். அவர் இரண்டுக்கும் நடுவில் 27.5 என்று ஒன்றை ஓடி, 2012இல் உலகக் கிண்ணத் தொடரின் ஒரு போட்டியையே வென்று காட்டினார். குல்ஹாவி நெட்டை ஆள், 29இல் வந்தவர். அந்த ஒரு செக்கன் சில்லில் போனது என்று மகன் பல வருடம் வாதாடினான். நான் நம்பவில்லை. நினோவே பிறகு 29க்கு மாறினார் என்பது வேறு கதை.

அவருடைய அணியின் மனேஜர் தோமஸ் ஃப்ரிஷ்க்னெக்ட்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மலைச் சைக்கிள் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்த 1996 அட்லான்டாவில் அவருக்கும் வெள்ளிதான். அதே வருடம் அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் நடந்த உலகச் சம்பியன் போட்டியிலும் இரண்டாவது. வென்ற பிரெஞ்சுக்காரர் ஜெரோம் ஷியோட்டி, தான் ஊக்கமருந்து எடுத்ததாக 2000இல் தானாகவே ஒப்புக்கொண்டு பட்டத்தை இவரிடம் கொடுத்தார். நாலு வருடம் பிந்தி வந்த தங்கம். வெள்ளியோடு வாழ்வது எப்படி என்று தெரிந்த ஒருத்தரிடம்தான் லண்டனில் தோற்றவர் இருந்தார்.

நாலு வருடம் கழித்து ரியோ. அதே குல்ஹாவி, அதே வெள்ளி. ஆனால் இம்முறை வெள்ளி அவருக்கு. நினோ 50 செக்கன் முன்னுக்கு. நான் வீட்டில் இருந்துதான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், லண்டன் அளவுக்கு அது மனதில் நிற்கவில்லை. 50 செக்கன் முன்னுக்குப் போகிறவரைப் பார்த்து ஆருக்கு நெஞ்சு இடிக்கும்? 2017 அதைவிட மோசம்: உலகக் கிண்ணத்தின் ஆறு போட்டிகளும் அவருக்கே, மேலே கெய்ன்ஸில் உலகச் சம்பியன் பட்டமும். ஓம், ஃப்ரிஷ்க்னெக்ட்டின் அதே கெய்ன்ஸ்.

நேரில் பார்த்தது 2018இல். உலகச் சம்பியன் போட்டி லென்சர்ஹைடேயில். கூரில் இருந்து மஞ்சள் தபால் பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் மேலே. பதினாலு வயது மகன் ஒரு மாட்டுமணியைக் கொண்டுவந்தான். நான் கட்டுச்சோறு. அன்றுதான் டிவியில் தெரியாத பல விஷயம் தெரிந்தது. ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று கமெரா காட்டாது. முன்வரிசையில் நின்று வெளிக்கிடுவது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றும் விளங்கியது: கொஞ்ச தூரத்திலேயே பாதை ஒற்றையடியாகிவிடும், பின்வரிசைக்காரர் இறங்கித் தள்ளவேண்டியதுதான். ரயர் வெடித்தால் சில்லு மாற்ற அதற்கென்று ஒதுக்கிய இடம்வரைக்கும் எப்படியாவது போய்ச்சேர வேண்டும். இன்னொரு விதி, எண்பது வீத விதி: முதலாவதாகப் போகிறவர் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் எண்பது வீதத்துக்கு மேல் பிந்தினால் நடுவர் மறித்து வெளியே எடுத்துவிடுவார். எங்களுக்கு முன்னால் ஒரு பெடியனை அப்படி எடுத்தார்கள். ஏதோ தூர தேசத்துச் சீருடை. புல்லில் சைக்கிளைப் போட்டுவிட்டு, மிச்சப் போட்டியை எங்களோடு நின்று பார்த்தான். ஒரு கட்டுச்சோறு கொடுத்தேன். சாப்பிட்டான், உறைப்பென்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு இத்தாலியின் கெர்ஷ்பௌமரை விட்டுவிட்டு நினோதான் முதலில் வந்தார். மாட்டுமணிச் சத்தம் இரண்டு நாள் காதில் நின்றது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அவரில் உண்மையான மதிப்பு வந்தது. முப்பத்தைந்து நெருங்க, இளசுகள் வந்தார்கள். 2021இல் டோக்கியோவில் டொம் பிட்கொக் தங்கம் எடுக்க, இவர் நாலாவது. பதக்கம் இல்லாத முதல் ஒலிம்பிக். "முடிஞ்சுது" என்று குசினியில் தீர்ப்புச் சொன்னோம், நானும் சேர்ந்துதான். கொஞ்ச நாளிலேயே இத்தாலியின் வால் டி சோலேயில் சகநாட்டவர் ஃப்ளூக்கிகரைக் கடைசி ஓட்டத்தில் வென்று ஒன்பதாவது உலகச் சம்பியன் பட்டம். அடுத்த வருடம் 36 வயதில் பத்தாவது. எங்கே? லே ஜேயில். பதினெட்டு வருடத்துக்கு முன் ஜூனியராக வென்ற அதே இடத்தில். 2023இல் லென்சர்ஹைடேயில் வென்றபோது, அப்சலோனின் 33 உலகக் கிண்ண வெற்றிகளையும் தாண்டினார். 2024இல் பாரிஸ், அங்கே ஒன்பதாவது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, ஒரு தடவை தீர்ப்புச் சொல்லிப் பட்டது போதும்.

போன வருடம், 2025 செப்ரெம்பரில், லென்சர்ஹைடேயில் உலகக் கிண்ணத்தோடு விடைபெற்றார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இப்ப நான்தான் அந்தக் குசினியின் பொறுப்பு, லீவு கொடுக்காததும் நான்தான் என்று வையுங்கோ. மகனுக்கு இருபத்தொரு வயது. கூட்டாளிகளோடு போனான், அந்தப் பழைய மணியையும் தூக்கிக்கொண்டு. இரவு எட்டு மணிபோல் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தான்.

"ஆர் வென்றது?" என்று கேட்டேன்.

"அதை ஆரப்பா பார்த்தது?" என்றான். சப்பாத்தையும் கழட்டாமல் அடுப்படிக்குப் போய், பிட்டு மிச்சம் இருக்கோ என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்கத் தொடங்கினான்.